எறிந்ததைத் தேடிய முப்பது ஆண்டுகள்

காலம் விரைந்து மாறும்போது மக்கள் எதிர்காலத்தை மட்டுமன்றி, இறந்தகாலத்தையும் புதிதாக வகுத்துக்கொள்கின்றனர். எது நம் மரபு, எது வேண்டாச் சுமை என்னும் வினா அப்போதுதான் எழுகிறது. இதற்கு ஜப்பான் நாட்டு வரலாறு தக்க சான்றாகும்.

1868இல் அங்கே ஷோகன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி முடிவுற்றுப் பேரரசர் மெய்ஜியின் காலம் தொடங்கியது. பண்டைய முடியாட்சியை மீட்பதாகவே புதிய ஆட்சியினர் அறிவித்தனர். அவர்கள் செய்தவையோ முற்றிலும் புதியன. 1872இல் இருப்புப்பாதை வந்தது. 1873இல் மேலைநாட்டு நாட்காட்டி வந்தது. 1876இல் சாமுராய் வீரர் வாள் அணிவது தடுக்கப்பட்டது. பழமையின் பெயரால் புதுமை நுழைந்தது.

அந்த மீட்பில் பௌத்தத்திற்கு இடமில்லாது போயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அம்மண்ணில் வேரூன்றிய சமயம் 'அயலது' எனப்பட்டது. ஷிந்தோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்குமாறு 1868இல் ஆணை பிறந்தது. ஆணை பிரிக்கவே சொன்னது. பலர் அழிக்கவே புறப்பட்டனர். திருவுருவங்கள் உடைக்கப்பட்டன; சுவடிகள் எரிக்கப்பட்டன. நாரா நகரத்துக் கோபுக்குஜி மடத்தின் துறவியர் துறவாடை களைந்து, அண்மையிலுள்ள கசுகா கோயிலின் பூசகராயினர். அம்மடத்தின் ஐந்தடுக்குக் கோபுரமே விலைபேசப்பட்டது என்று செவிவழிச் செய்தி உண்டு.

ஆயினும் 1871இலேயே தொல்பொருள்களைக் காக்குமாறு அரசு ஆணையிட்டது. 1873இல் வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பான் பங்கேற்றது. பிற நாடுகளின் முன் நிற்கும்போது, தமக்கே உரியது என்று காட்ட ஒன்று வேண்டுமன்றோ? 1884இல் ஒக்ககுரா கக்குசோ என்னும் அறிஞரும் அமெரிக்கரான பெனலோசாவும் ஹோர்யூஜி கோயிலில், நெடுங்காலம் துணி சுற்றி மறைக்கப்பட்டிருந்த அவலோகிதர் திருவுருவைக் கண்டனர். 1897இல் பழங்கோயில்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

முப்பது ஆண்டுகளுக்குள் அயலது நாட்டின் செல்வமாயிற்று. பொருள் மாறவில்லை; நோக்கே மாறிற்று. உடைத்தவரும் காத்தவரும் நாட்டின் எதிர்காலத்தை எண்ணியே செயற்பட்டனர் என்பது கருதத்தக்கது. ஆனால், எரிந்த சுவடி சட்டத்தால் மீளவில்லை. பெனலோசா திரட்டிய ஓவியங்கள் பலவும் இன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

எனவே, ஒரு தலைமுறையின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று. வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய ஏட்டை நம்மால் படிக்க இயலாது போகலாம். படிக்கவல்ல பேரனோ பேத்தியோ நாளை பிறக்கக்கூடும். அதுவரை அதனைக் காத்துத் தருவது நம் கடன்.