வரிசையில் நின்றவர்களும் மா அளந்தவர்களும்

1960ம் ஆண்டின் கடைசி மாதங்களில் கொங்கோவின் தென்கசாய்ப் பகுதியில் நாளாந்தம் மனிதர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்ததால் வந்த பட்டினி அல்ல அது. லுலுவாபூர்க் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறையாக வாழ்ந்த லூபா மக்கள் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்டு, தமது பூர்வீக நிலம் என்று சொல்லப்பட்ட பக்வாங்காவுக்கு (இன்றைய ம்புஜி-மாயி) வந்து குவிந்ததால் வந்தது. துரத்தியவர்கள் லுலுவாக்கள். இரு பகுதியினரும் பேசுவது ஒரே மொழி, சிலூபா. இரு வீட்டிலும் சமைப்பது ஒரே உணவு: சோளமாவும் மரவள்ளிமாவும் சேர்த்துக் கிளறும் பிடியா.

இந்தப் பிளவை மூட்டியவர்கள் யார் என்று தேடினால் பெல்ஜியக் காலனியத்திடம்தான் போய் நிற்போம். லியோபோல்ட் மன்னனின் சொந்தச் சொத்தாக இருந்த கொங்கோ 1908இல் பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. கசாய் நதிப்படுக்கையில் ஏற்கெனவே வைரம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. சிக்காப்பாவில் சுரங்கக் கம்பனி எழுந்தது. மிஷன் பள்ளிகளில் முந்திக்கொண்டு படித்த லூபாக்கள் கிளாக்கர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரராகத் தம்மைக் கருதிய லுலுவாக்கள் கூலிகளாக நின்றார்கள். சுதந்திரம் நெருங்க நெருங்க, 1959இலேயே வெட்டும் கொத்தும் தொடங்கிவிட்டது. படிப்பும் உத்தியோகமும் யாருக்கு என்ற கேள்வியில் தொடங்கி, காணி யாருக்கு என்பதில் முற்றி, கடைசியில் யார் உயிரோடிருப்பது என்பதில் வந்து முடிகிற இந்தப் பாதையை நமக்கு யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அந்தப் பள்ளிகளை நடத்திய மிஷன்களில் ஒன்று மெனோனைற்றுகளுடையது. வட அமெரிக்காவிலிருந்து போன கொங்கோ உள்நாட்டு மிஷன் 1912இல் கசாய் நதிக்கரையில் ஜோக்கோ புண்டா என்ற இடத்தில் தன் முதல் நிலையத்தை அமைத்தது. ஆயுதம் தூக்கமாட்டோம் என்பதை மதத்தின் அடித்தளமாக வைத்தவர்கள், ஆயுதத்தால் பிடிக்கப்பட்ட ஒரு காலனியில், அந்த ஆட்சியின் அனுமதியோடு வேதம் போதிக்கப் போனார்கள். இந்த முரண்பாட்டை மறைக்காமல்தான் அவர்களது கதையைப் படிக்க வேண்டும்.

யார் இந்த மெனோனைற்றுகள்? சுவிஸில் கோப்பை கழுவும் நம்மில் பலர் நாளாந்தம் கடக்கும் சூரிச்சின் லிம்மாற் ஆற்றில்தான் அவர்களது இரத்தசாட்சிகளின் வரலாறு தொடங்குகிறது. 1525 ஜனவரியில் ஒரு சிறு குழு, குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விபரம் தெரிந்த வயதில் தாமே தெரிந்தெடுக்கும் ஞானஸ்நானத்தைப் பெற்றது. 1527 ஜனவரி 5இல், நகரசபையின் தீர்ப்புப்படி, அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் கட்டப்பட்டு ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்து இவர்களோடு சேர்ந்த மெனோ சிமோன்ஸ் என்ற நெதர்லாந்துக்காரரின் பெயரே பின்னர் இவர்களுக்கு நிலைத்தது. நெதர்லாந்திலிருந்து விஸ்துலா நதிக்கழிமுகத்துக்கும், அங்கிருந்து ரஷ்யப் பேரரசி கத்தரீனின் அழைப்பில் 1789 முதல் இன்றைய உக்ரெயினுக்கும் போனார்கள். அங்கே கோதுமை விளைத்துச் செழித்தார்கள். பெரிய காணிக்காரர்களும் ஆனார்கள்.

பிறகு புரட்சி, உள்நாட்டு யுத்தம், கொள்ளை, தைபஸ் காய்ச்சல், பஞ்சம். கோதுமையை ஏற்றுமதி செய்தவர்கள் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். இவர்களைக் காப்பாற்றவென்று 1920 ஜூலையில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எல்க்கார்ற் என்ற ஊரில் மெனோனைற் மத்திய குழு உருவாக்கப்பட்டது. 1922இல் உக்ரெயினில் அதன் பொதுக் குசினிகள் திறக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் மா அளந்த அமைப்பு, தம்மவரின் பசிக்காகத் தம்மவர் தொடங்கிய அமைப்பு.

இதை ஒரு புனிதர் கதையாகச் சொல்லிவிடவும் முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் ஜேர்மன் படையோடு மேற்கே பின்வாங்கி வந்த மெனோனைற் அகதிகளை, ஜேர்மானியர் அல்ல, டச்சு வம்சத்தவர் என்று வாதாடி இந்தக் குழு காப்பாற்றியது. அவர்களில் சிலர் ஜேர்மன் படைகளில் சேவை செய்தவர்கள். நாசிகளோடு மெனோனைற்றுகளுக்கும் தன் ஊழியர்கள் சிலருக்கும் இருந்த தொடர்பு பற்றிய ஆய்வுகளை இந்தக் குழுவே 2021இல் வெளியிட்டது. அகதி விண்ணப்பத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று இராவிராவாக யோசித்த நாம் அந்த அகதியின் பயத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் விடப்பட்ட வரியில் வேறொருவரின் சாவு இருக்கக்கூடும் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் கசாய்க்கு வருவோம். 1960 ஜூன் 30இல் கொங்கோ சுதந்திரம் அடைந்தது. ஜூலையில் இராணுவம் கலகம் செய்ய, மெனோனைற் மிசனரிமார் அங்கோலா வழியாக வெளியேறினார்கள். வெளியேற அவர்களிடம் கடவுச்சீட்டு இருந்தது, சபை மக்களிடம் இல்லை. பின்னர் சிலர் திரும்பி வந்தார்கள். ஆர்ச்சி கிறேபர் என்பவர் பக்வாங்காவில் அகதிகளிடையே நிவாரண வேலையில் இறங்கினார். புரொட்டஸ்தாந்து சபைகள் சேர்ந்து அமைத்த கொங்கோ நிவாரண நிறுவனமும், பட்டாளத்தில் சேர மறுத்து அதற்குப் பதிலாகப் பொதுச்சேவைக்கு வந்த பாக்ஸ் திட்டத்து மெனோனைற் இளைஞர்களும் இந்த வேலைகளில் துணை நின்றார்கள்.

அகதிக் குழந்தைகளின் வயிறு வீங்கியிருந்தது, முடி செம்பட்டையாகியிருந்தது. குவாஷியோர்க்கர் என்ற இந்த நோயின் பெயர் கானாவின் கா மொழியிலிருந்து 1930களில் மருத்துவத்துக்குள் வந்தது. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்பது அதன் கருத்து. தாய்ப்பால் நிற்க, வெறும் மாக்கஞ்சியில் வளரும் பிள்ளைக்குப் புரதம் கிடைப்பதில்லை. தாயே இல்லாத பிள்ளையின் நிலை பற்றிச் சொல்லத் தேவையில்லை. இதனால்தான் அந்நாட்களின் நிவாரணத்தில் மாவுக்குச் சமமாகப் பால்மா மதிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. துரத்தியவர்களின் பக்கத்திலும் துரத்தப்பட்டவர்களின் பக்கத்திலும் மெனோனைற்றுகள் இருந்தார்கள். ஒரே வாங்கில் இருந்து சமாதானத்தைப் பற்றிப் படித்தவர்கள். ஐம்பது வருடப் போதனை அந்தப் பிளவைத் தடுக்கவில்லை. லூபா அகதிகள் தென்கசாயில் தமக்கெனத் தனிச்சபை ஒன்றை அமைத்தார்கள். இன்றுவரை அது தனிச்சபைதான்.

2016 ஓகஸ்டில் கமுயினா ன்சாப்பு என்ற பட்டம் தாங்கிய பாரம்பரியத் தலைவர் அரச படையால் கொல்லப்பட்டதும் கசாய் மறுபடி எரிந்தது. கிளர்ச்சிக் குழுக்களில் சிறுவர்கள் ஏராளம். சுமார் 14 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். மெனோனைற் சபையினரும் கொல்லப்பட்டார்கள். முன்பு கிழக்குக் கொங்கோவில் மெனோனைற் மத்திய குழுவின் சமாதான வேலையில் இருந்து, பின்னர் ஐ.நா. நிபுணராகச் சென்ற மைக்கல் ஷார்ப்பும் அவரோடு சென்ற சைடா கத்தலானும் 2017 மார்ச்சில் அங்கே கொல்லப்பட்டார்கள்.

இம்முறை நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த மிசனரிமார் அல்ல. கொங்கோவின் மூன்று மெனோனைற் சபைகளும், 1960களில் பிரிந்த இரண்டும் உட்பட, சேர்ந்து மாவும் அவரையும் எண்ணெயும் பங்கிட்டன. பணத்தில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓடிவந்தவர்களில் பெரும்பாலானோர் முகாம்களில் அல்ல, தம்மைப்போலவே ஏழைகளான குடும்பங்களின் வீடுகளில் ஒதுங்கினார்கள். அநாதைப் பிள்ளைகளும் அப்படியே யாரோ ஒரு மாமியின், பேர்த்தியின் வீட்டில் வந்து சேர்ந்தார்கள். இருக்கிற பிள்ளைகளுக்கே போதாத பானையில் இன்னும் மூன்று அகப்பை விழவேண்டும். அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை மா போனால் பிள்ளை அந்த வீட்டிலேயே வளரும். போகாவிட்டால் தெருவுக்கோ வைரக் குழிக்கோ போகும். ஆரம்பப் பள்ளியும் அன்று இலவசமல்ல. 2019இல்தான் அரசு அதை இலவசமாக்குவதாக அறிவித்தது. ஆகவே சபைகள் பள்ளிக் கட்டணத்தையும் கட்டின. கட்டடம் எழுப்பி, பெயர்ப்பலகை மாட்டி, அநாதைகளைப் படம் பிடிப்பதைவிட இது கண்ணுக்குத் தெரியாத வேலை. சரியான வேலையும் இதுதான் என்று நினைக்கிறோம்.

நாமும் சங்கங்கள் வைத்திருக்கிறோம். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சங்கம். குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று உழைத்த காசில் ஊரிலுள்ள அநாதைப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெனோனைற்றுகளும் தம்மவரில்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. நம் சங்கத்தின் பட்டியலில் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? நாம் துரத்தியவர்களின் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது இதையும் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.