தேனீக்களுக்கு மழைக்கால உணவூட்டல்

மழையால் வெளியே மேய முடியாத தேனீக் குடும்பங்களைப் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்துக் காக்கும் முறை. செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர்க் கடலோரத்தில் கடுங்குளிர் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தேனீக்களுக்குப் பஞ்சகாலம். கடலோரச் சவுக்குத் தோப்புகளும் உதவா. சவுக்கு காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறுவது, தேன் சுரக்காது.

சர்க்கரையும் நீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீக்கள் மூழ்காதிருக்கக் குச்சிகளை மிதக்கவிடுவர். மாலையில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இல்லையேல் வலுத்த குடும்பம் நலிந்ததைக் கொள்ளையடிக்கும். பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தை, மாசியில் முந்திரி பூக்கும். பின்னர் புங்கும் வேம்பும் தொடரும். தேன் வரத்து தொடங்கியதும் பாகை நிறுத்திவிட வேண்டும். தேன் அறை வைத்த பிறகும் ஊட்டினால் பாகு அடையில் சேரும். அவ்வாறு எடுப்பது கலப்படத் தேனே.