அணைக்குப் பார்த்த பார்வை, வீட்டுக்குப் பார்க்கல: ஐஸ்லாந்து கான்கிரீட் கதை

ஐஸ்லாந்துன்னா நம்ம ஆளுங்களுக்கு எரிமலை, வெந்நீர் ஊற்று, வடக்கு வானத்துப் பச்சை வெளிச்சம், இவ்வளவுதான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் கான்கிரீட் ஞாபகம் வரும். (ரசனை கெட்டவன்னு திட்டாதீங்க :-) ) சொந்த வீடுங்கிற விஷயத்துல ஒரு சின்ன நாடே சேர்ந்து அடி வாங்கி, சேர்ந்தே எழுந்த கதை அது. இன்ஜினியர்கள் படிக்கிற கட்டுரைகள்ல சிதறிக் கிடக்கு. பொதுவா யாரும் சொல்றதில்லை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த ஊர் நிலவரம். ஐஸ்லாந்தில் வீடு கட்டத் தோதான பெரிய மரங்கள் கிடையாது. அதனால் பல நூறு வருஷமா கிராமத்து ஜனங்கள் வேரோடு வெட்டி எடுத்த புல்தரைக் கட்டிகளை அடுக்கித்தான் சுவர் வைத்தார்கள். கூரையும் புல்தான். கதகதப்பா இருக்கும், ஆனா ஈரம் போகாது, அடிக்கடி பிரிச்சுக் கட்டணும். காசுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து மரம் இறக்கி வீடு கட்டி, வெளியே தகரம் அடித்துக்கொண்டார்கள்.

1895-ல் ஸ்வேய்னாதுங்கா என்ற பண்ணையில் முதல் கான்கிரீட் வீடு எழும்பியது. அதுக்கப்புறமும் கான்கிரீட் மெதுவாத்தான் பரவிச்சு. வேகம் கொடுத்தது ஒரு தீ. 1915 ஏப்ரல் 25-ந் தேதி அதிகாலையில் தலைநகர் ரெய்க்யவிக்கின் நடு ஊரில் பிடித்த தீயில் 12 கட்டடங்கள் போயின, இரண்டு பேர் செத்தார்கள். அதன் பிறகு ஊருக்குள் மர வீடு கட்டுவதற்கு விதிகள் இறுகின. மரம் வேண்டாம், செங்கல்லுக்கு வழியில்லை. அப்ப மிச்சம் என்ன? கான்கிரீட்தான். மணலும் ஜல்லியும் அந்த நாட்டில் கொட்டிக் கிடக்கு. சிமெண்டு மட்டும் கப்பல்ல வரணும்.

நம்ம ஊர் மாதிரி தூண், பீம், நடுவுல செங்கல் சுவர்னு நினைச்சுக்காதீங்க. அங்கே வெளிச்சுவரே முழுக்கக் கான்கிரீட். ரெண்டு பக்கமும் பலகை அடைச்சு, கம்பி கட்டி, நடுவுல கலவையைக் கொட்டிடுவாங்க. கான்கிரீட் இறுகினதும் பலகையைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, அதே பலகையைக் கூரைக்கு அடிச்சுடுவாங்க! மரம் இல்லாத ஊர்ல ஒரு பலகையும் வீணாகக் கூடாதில்லையா. 1950-கள்ல ரெய்க்யவிக்கில் ஒரு பேட்டையே இப்படி எழுந்தது. வேலை முடிஞ்சு வந்து, சாயங்காலமும் லீவு நாள்லயும் குடும்பமா சேர்ந்து, தன் கையாலேயே கட்டின சின்னச் சின்ன வீடுகள். அதாவது, அந்த ஜனங்களுக்குக் கான்கிரீட் சுவர் ஒரு பொருள் மட்டுமில்லை. சேமிப்பு, உடம்பு உழைப்பு, வயசு எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு.

1944-ல் ஐஸ்லாந்து தனிக் குடியரசானது. சிமெண்டுக்கும் வெளிநாட்டை நம்பி இருக்கணுமா என்ற கேள்வி சும்மா விடுமா? ஆனா சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேணும். எரிமலைத் தீவில் அதுக்கு எங்கே போக? இங்கேதான் சாமர்த்தியம். ஃபாக்ஸாஃப்ளோய் விரிகுடாவின் அடியில் கிளிஞ்சல் மணல் குவிந்து கிடந்தது. கப்பலில் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, கரையில் ஆக்ரனெஸ் என்ற ஊரில் அரசாங்கமே ஆலை போட்டது. (கிளிஞ்சல் சுண்ணாம்பு நம்ம தாத்தாக்களுக்குப் புதுசா என்ன?) சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், சிலிக்காவுக்கு உள்ளூர் எரிமலைப் பாறை. 1958-ல் ஆலை ஓட ஆரம்பித்தது. சொந்த நாட்டுக் கடலும் பாறையும் சேர்ந்து சொந்த நாட்டு வீடாகுதுன்னா பெருமை வராம இருக்குமா?

வில்லங்கமும் அதுக்குள்ளேயே இருந்தது. அந்த மூலப்பொருட்களால் ஆக்ரனெஸ் சிமெண்டில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் அதிகம். இதைத்தான் ஆல்கலி என்பார்கள். இது போதாதென்று 1960-களில் ரெய்க்யவிக் வட்டாரத்துக்குக் க்வால்ஃபியோர்துர் என்ற கடற்கழியிலிருந்து மணலும் ஜல்லியும் வாரி வந்தார்கள். கழுவாமலே கலவையில் போட்டார்கள். கடல் உப்பு இன்னும் கொஞ்சம் சோடியத்தைச் சேர்த்தது. அந்த ஜல்லியிலும் சில எரிமலைக் கற்கள் ஆல்கலியோடு சண்டை போடுகிற சாதி.

அந்தச் சண்டை இப்படி. கான்கிரீட் இறுகின பிறகும் உள்ளே நுண்துளைகளில் ஈரம் இருக்கும். ஆல்கலி அதில் கரைந்து நிற்கும். ஜல்லியில் சரியாகப் படிகமாகாத சிலிக்கா இருந்தால் அதை மெல்ல அரித்து ஒரு பசையாக்கும். பசை தண்ணியைக் குடிக்கும், ஊதும். வழவழன்னு இருக்கிற சுவர் உள்ளேயிருந்து விம்மி, வலை பின்னின மாதிரி விரிசல் விடும். எல்லாம் ஒரே நாள்ல நடக்காது, வருஷக்கணக்காகும். வீட்டுக்காரர் கடன்ல பாதி கூட அடைச்சிருக்க மாட்டார். அதுக்குள்ள சுவர் காட்டிக் கொடுத்துடும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டாண்டன் என்ற இன்ஜினியர் 1940-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். ஐஸ்லாந்திலும் தெரியும். 1960-களில் பெரிய நீர்மின் திட்டங்கள் வந்தபோது, இந்தச் சிமெண்டும் இந்தக் கல்லும் சேர்ந்தால் ஆபத்து என்று யோசித்தார்கள். 1967-ல் இதற்கென்றே ஒரு கான்கிரீட் கமிட்டி போட்டார்கள். அணை, துறைமுகம் மாதிரித் தண்ணீரில் நிற்கிற கட்டுமானங்களில் ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

வீடு? வீடு தண்ணியிலயா நிக்குது, காஞ்ச இடம்தானே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டாங்க.

இந்தக் கதையின் முள் இங்கேதான் இருக்கு. அந்தத் தர்க்கம் கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ரெய்க்யவிக் சுவர் காஞ்ச சுவர் இல்லை. அங்கே வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான், சென்னையை விடக் கம்மி. ஆனா சென்னை மழை மேலேயிருந்து கீழே விழும். அங்கே கடல்காத்து மழையைப் பக்கவாட்டில் தூக்கி சுவர் மேல் அறையும். அதோடு, குளிருக்கான காப்பை அவர்கள் சுவரின் உள்பக்கம்தான் வைத்தார்கள். வீட்டுக்குள்ளே எவ்வளவு சூடு இருந்தாலும் அது கான்கிரீட்டுக்குப் போய்ச் சேராது. வெளிச்சுவர் குளிரிலும் ஈரத்திலும் ஊறியபடியே நிற்கும். அணையாவது ஒரு பக்கம் நனையுதுன்னு எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும்!

அடுத்து குளிர். ஐஸ்லாந்துன்னதும் மைனஸ் 30, மைனஸ் 40ன்னு கற்பனை பண்ணிடுவோம். அப்படி இல்லை. கடல் நீரோட்டம் தரும் வெதுவெதுப்பில் ரெய்க்யவிக்கின் ஜனவரி சராசரியே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான். கேட்டா நல்லதாத் தோணும், கான்கிரீட்டுக்கு இதுதான் எமன். குளிர்காலம் பூரா ஒரேயடியா உறைஞ்சு கிடந்தாக்கூடப் பரவாயில்லை. இன்னைக்கு உறையும், நாளைக்கு உருகும், நாளான்னைக்கு மறுபடி உறையும். தண்ணி பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பசை போட்ட விரிசலில் தண்ணி இறங்கும், உறைபனி அதை அகலமாக்கும், அகலமானதில் இன்னும் தண்ணி இறங்கும். பெயிண்ட் அடிச்சு மூடலாம், நிறுத்த முடியாது.

1970-களின் பிற்பாதியில் வீடுகளில் வந்த விரிசல்களுக்கு இதுதான் காரணம் என்று தெரியவந்தது. கட்டுமான ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் வீடு வீடாகப் பார்த்தார்கள், சுவரைத் துளைத்துத் துண்டெடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 1960-களின் ஆரம்பத்திலிருந்து கட்டின வீடுகளில் பசை இருந்தது. நாடு பூராவுக்கும் உள்ளூரில் ஒரே சிமெண்டு ஆலை. பிராண்ட் மாத்திக்கலாம்னா கூட வழியில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மூட்டை.

இந்த "ஒரே மூட்டை"தான் கடைசியில் காப்பாற்றியதும். 1979-ல் மூன்று காரியம் செய்தார்கள். கடல் மணலைக் கழுவாமல் போடக் கூடாது. ஜல்லியைச் சோதித்து, ஊதுகிற ரகத்துக்குக் கட்டுப்பாடு. மூன்றாவதுதான் முக்கியம்: சிமெண்டிலேயே புகைத்தூளைச் சேர்த்து அரைத்தார்கள். அதே 1979-ல் க்ருண்டார்டாங்கி என்ற இடத்தில் ஃபெரோசிலிக்கான் ஆலை ஒன்று ஆரம்பித்தது. அந்த உலைப்புகையில் சிலிக்கா மகா நுண்ணிய தூளாக வரும். சிமெண்டுத் துகளை விட நூறு மடங்கு சின்னது. வடிகட்டியில் பிடிக்காவிட்டால் காற்றில் போய்ச் சேருகிற சமாச்சாரம். அதை ஆக்ரனெசுக்குக் கொண்டுபோய், முதலில் 5 சதவீதம், 1980-களில் 7.5 சதவீதம் என்று கலந்தார்கள்.

வேடிக்கை என்னன்னா, வீட்டைக் கெடுத்ததும் சிலிக்கா, காப்பாத்தினதும் சிலிக்கா! ஜல்லிக்குள்ள கட்டியா இருக்கிற சிலிக்கா, கான்கிரீட் இறுகின பிறகு ஒரே இடத்தில் பசையாகி ஊதும். புகைத்தூளோ கலவை பூரா பரவி, ஆரம்பத்திலேயே ஆல்கலியைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லி சண்டைக்கு வரும்போது எதிராளி களத்திலேயே இருக்க மாட்டான். நுண்துளைகளும் அடைபடுவதால் தண்ணீர் புகுவதும் குறையும். இன்னொரு வேடிக்கை: க்ருண்டார்டாங்கி இருப்பது அதே க்வால்ஃபியோர்துர் கரையில். விஷம் வந்த கழியிலிருந்தே மருந்தும் வந்தது. (நம்ம ஊர் பிபிசி சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதும் இதே குடும்பத்து வைத்தியம்தான்.)

20 வருஷம் கழித்து அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே கணக்குப் பார்த்து 1999-ல் கட்டுரை எழுதினார்கள். 1979-க்குப் பிறகு கட்டின வீடுகளில் இந்த நோய் தலைகாட்டவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட வீடுகளுக்கு இவ்வளவு சுலபமான முடிவு இல்லை. தண்ணீரை ஒட்டவிடாத சிலேன் என்ற திரவத்தைச் சுவரில் ஊறவிட்டார்கள். ரொம்ப மோசமான வீட்டுக்கு வெளியே சட்டம் அடித்து, காற்று போக இடைவெளி விட்டு, தகடு போர்த்தினார்கள். கான்கிரீட்டைக் காய வைப்பதுதான் வைத்தியம். பணம் கொடுத்தது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.

எல்லாத்தையும் மீறி, கான்கிரீட்டை நம்பினது வீண் போகலைங்கிறதையும் சொல்லணும். 2000 ஜூன் 17, 21 தேதிகளில் தெற்கு ஐஸ்லாந்தில் 6.5 அளவில் இரண்டு பூகம்பங்கள். வீடுகள் பல சேதமாயின, ஆனால் ஒரு உயிர் கூடப் போகவில்லை. ஆக்ரனெஸ் ஆலை பின்னாளில் உற்பத்தியை நிறுத்தியது. அதன் உயரமான புகைபோக்கியை 2019 மார்ச்சில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். சிமெண்டு மறுபடி கப்பல்ல வருது.

இதில் எனக்கு மனசில் நிக்கிறது ஒண்ணுதான். வீடு கட்டுற மனுஷன் கம்பியை எண்ணுவான், மூட்டையை எண்ணுவான், கொத்தனாரோட சண்டை போடுவான். ஆனா ஜல்லிக்குள்ள இருக்கிற சிலிக்கா படிகமா இல்லையான்னு அவனால பார்க்க முடியுமா? 1979-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் "வீட்டுக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்கவும்" என்று நோட்டீஸ் அடித்து நிறுத்திக்கொள்ளவில்லை. மருந்தை மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். எதுவும் தெரியாமல் கடைக்குப் போய் வாங்கினவனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அணைக்குக் காட்டின அக்கறையை, 12 வருஷம் தாமதமா, வீட்டுக்கும் காட்டினாங்க. அந்த 12 வருஷத்தில் கட்டினவங்க சுவர்தான் பாவம்.

குளிர் நாட்டுக் கடலோரத்தில் இருக்கிற பதிவர்கள், கனடா, நார்வே பக்கம் இருக்கிறவங்க, உங்க ஊர்ச் சுவர் எப்படி நிக்குதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. காப்பு உள்பக்கமா வெளிப்பக்கமான்னும் பார்த்துச் சொன்னா இன்னும் சந்தோஷம்.