தட்டை எதிர்பார்க்கும் வீடு: தென் தமிழகக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் மரபின் கைமாற்றம்

கிறிஸ்துமஸ் பற்றிப் பேச்செடுத்தால், நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் 'அந்தக் காலத்துக் கிறிஸ்மஸ் இப்ப எங்க இருக்கு' என்றுதான் முடிப்பார்கள். எவையெல்லாம் போயின என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்: விடிய விடியப் பலகாரம் சுட்டது, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தெருவுக்கு வந்த பாட்டுக் குழு, இருட்டோடு எழுந்து புதுத்துணி உடுத்தி அதிகாலை ஆராதனைக்கு நடந்தது. இந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் மரபு என்பது பாட்டி பேத்திக்குக் கொடுத்துவிட்டுப் போகும் நகையைப் போன்றது, வாங்கியவள் தொலைத்துவிட்டாள் என்ற நினைப்பு இதன் அடியில் கிடக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. தென் தமிழகச் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பொறுத்தவரை, மரபைப் பிடித்து நிறுத்துவதில் வீட்டுக்குள் இருக்கும் வாரிசுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பலகாரத் தட்டை எதிர்பார்த்திருக்கும் அண்டை வீட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

எது பழையது என்பதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மொரேவியச் சகோதர சபையார் 1760 முதல் 1803 வரை தரங்கம்பாடியில் குடியிருந்தார்கள். அவர்கள் பெயராலேயே உலகெங்கும் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வழங்குவதால், நம் வாசல் நட்சத்திரமும் அவ்வழி வந்ததே என்று சொல்லத் தோன்றும். காலம் இடம் தரவில்லை. அந்த நட்சத்திரம் ஜெர்மனியின் நீஸ்கியில், அச்சபையாரின் பள்ளியில் பிறந்தது 1830களில். ஹெர்ன்ஹூட்டில் அதைத் தயாரிக்கும் தொழிற்சாலை எழுந்தது 1897இல். கிறிஸ்துமஸ் மரமும் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் பரவலானது 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த பிறகுதான். தொன்மையின் அடையாளமாக நாம் காட்டுபவை பெரும்பாலும் இப்படி இளையவை. வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல், பழமை வேடமிட்ட புதிய மரபுகளை அடையாளம் காணக் கற்றுத்தந்தது. அந்தக் கேள்வி பயனுள்ளது. ஆனால் ஒரு வழக்கத்தை யார் தொடங்கினார் என்று அறிந்துவிட்டால், அது ஏன் தொடர்கிறது என்பதும் விளங்கிவிடாது.

அதை விளக்கப் பலகாரத்துக்குத்தான் வரவேண்டும். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலக்காய் ஆகியவற்றைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் தோய்த்து மும்மூன்றாக எண்ணெயில் விடுவார்கள். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்றொரு பெயர் உண்டு. ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கொத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். அச்சுமுறுக்குக்கு வேறு கைப்பக்குவம். அச்சு எண்ணெயிலேயே சூடேற வேண்டும். மாவில் விளிம்பு மூழ்காமல் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. சூடு குறைந்தாலும் ஒட்டிக்கொள்ளும். புது அச்சு ஒருபோதும் முதல் நாளே சொன்னபடி கேட்காது. அதனால்தான் பழகிய அச்சை மைனி வீட்டிலிருந்து இரவல் வாங்கி வருவார்கள்.

இந்தப் பலகாரங்களின் இயல்பைக் கவனிக்க வேண்டும். பாகும் எண்ணெயும் சேர்ந்ததால் நாள்பட இருக்கும். வீட்டார் மட்டும் தின்று தீராத அளவில்தான் செய்வார்கள். முதலிலிருந்தே இவை கொடுப்பதற்கென்று சுடப்படுபவை. முந்திரிக்கொத்து குமரி மாவட்டத்து இந்து வீடுகளிலும் செய்யப்படுவதால், தட்டைப் பெறுபவருக்கும் அதன் பதம் தெரியும். பாகு முறுகியிருந்தால் சொல்லிவிடுவார். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து போகிறது. யாரும் எழுதிவைக்காத இந்தக் கணக்குத்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுப்பை மூட்டுகிறது. கேக்கின் வரலாறு வேறு. அடுமனை அடுப்பு இல்லாத வீடுகளில், சிலர் மணல் பரப்பிய பாத்திரத்தில் மேலும் கீழும் கங்கு வைத்துச் சுட்டார்கள் என்றாலும், பெரும்பாலும் கேக் பேக்கரியிலிருந்தே வந்தது. கடைக் கேக்கை யாரும் இழப்பாகக் கருதாததற்கும், கடை முறுக்கு மனதை உறுத்துவதற்கும் காரணம் இதுதான்.

இந்தத் தட்டின் பாதையை நேர்மையாக வரைந்தால் அது பெரும்பாலும் சாதியின் வரைபடமாகவும் இருக்கும். சில தெருக்களுக்குத் தட்டு போனதில்லை; சில வீடுகளுக்குப் போன பலகாரம் உண்ணப்பட்டதுமில்லை. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளையும் பூச்சூடும் வழக்கத்தையும் ஒதுக்க முயன்றபோது எதிர்த்து நின்றவர் அவர். இன்றும் சபைகளில் தமிழ்ப் பண்ணில் பாட முடிவதற்கு நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதே சாஸ்திரியார் சாதி வேறுபாட்டையும் அதே உறுதியோடு காத்தார். மரபைக் காத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கியிருந்தன. ஆகவே தட்டு போகாத தெருவை மறந்துவிட்டு அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸைப் புகழ்வது வரலாறு ஆகாது.

பெறுபவர் மாறினால் வழக்கம் மாறும் என்பதற்குப் பாட்டுக் குழுவும் சான்று. பாடி முடித்ததும் காணிக்கையும் கட்டன்காப்பியும் கொடுக்க விழித்திருந்த வீடுகளை நம்பித்தான் குழு நள்ளிரவிலும் சுற்றியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் முன்னரே நேரம் குறித்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் இரண்டு பாட்டோடு முடிக்க வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கொளச்சல், மணக்குடி போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் பண்டிகையின் மறுநாள் இறந்தவர்களின் நாளாயிற்று. அந்த ஊர்களில் கிறிஸ்துமஸின் மகிழ்ச்சிக்கு அளவு வகுப்பவர்கள் இப்போது அடுத்த வீட்டார் மட்டுமல்லர், கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களும்தான்.

எங்கள் வீட்டில் பாட்டிக்குப் பின் அச்சுமுறுக்கு நின்றுபோயிற்று. அம்மாவுக்குச் செய்யத் தெரியும். வேலைக்குப் போனதால் நேரமில்லை. நாலைந்து ஆண்டுகள் அச்சு பரணில் துணி சுற்றிக் கிடந்தது. தட்டில் கடைப் பலகாரமும் கேக்கும் போயின. ஒரு தீபாவளியன்று எதிர்வீட்டு அத்தை அதிரசத் தட்டை நீட்டியபடியே, 'ஒங்க அம்மை சுடுத அச்சுமுறுக்கைத் தின்னு எத்தன வருசமாச்சு' என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் அச்சைப் பரணிலிருந்து இறக்கி, துரு தேய்த்து, எண்ணெயில் ஊறப் போட்டார். முதல் ஏழு முறுக்கும் அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தன.