சீரிஸ் போர்டும் மற்ற கருவிகளும்

ரேடியோ பிரித்துப் பழகியவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வேறு யாருக்காகவோ செய்யப்பட்டது. சால்டரிங் அயர்ன் தகர வேலைக்காரர்களிடமிருந்து வந்தது. மல்டிமீட்டர் தபால் தந்தித் துறைக்காரர் ஒருவரின் சிந்தனை. ஆஸிலாஸ்கோப் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பிள்ளை. எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இவற்றையெல்லாம் இரவல் வாங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றை எழுத வேண்டுமானால் கருவிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மதுரையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக நின்று இந்த வேலையைக் கற்றவன் நான். எனக்குத் தெரிந்த வரலாறு அந்த மேசையின் மேல் கிடந்த பொருட்களின் வரலாறு.

நம் ஊருக்கு வானொலியைக் கொண்டுவந்ததே ஆர்வலர்கள்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-ல். அதாவது அரசாங்க வானொலிக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இங்கே வால்வும் காயிலும் வைத்துக்கொண்டு இரவில் கண்விழித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1941-ல் அறிவித்ததும் இந்த வரிசையில் சேர வேண்டிய செய்தி.

அந்த ஆர்வலர்கள் கையில் முதலில் இருந்திருக்கக்கூடியது செப்புக்கட்டிதான். மரப்பிடி போட்ட இரும்புக் கம்பியின் நுனியில் ஒரு செப்புக்கட்டி; அதைக் கரி அடுப்பில் காயவைத்து, நவச்சாரத்தில் தேய்த்துத் துடைத்து, ஈயத்தைத் தொட்டு ஒட்டவைப்பது. பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவில் வந்தவர்களும் அதே நவச்சாரத்தைத்தான் தூவினார்கள். எங்கள் கடையில் எலெக்ட்ரிக் அயர்ன் இருந்தும், மின்வெட்டு நாட்களுக்காக இந்தச் செப்புக்கட்டி ஒன்று ஆணியில் தொங்கியது. தடித்த சேஸிஸில் எர்த் கம்பி ஒட்ட அதற்கு நிகர் கிடையாது. ஆனால் நவச்சாரமோ ஆசிட்டோ பட்ட இடம் நாளடைவில் பச்சை பூத்து அரித்துவிடும். ரேடியோவுக்குள் அதை விடவே கூடாது. நடுவில் ரோசின் ஃபிளக்ஸ் வைத்த ஈயக்கம்பி வந்தபிறகுதான் இந்த வேலை சுத்தமானது.

துப்பாக்கி வடிவ அயர்ன் மட்டும் இரவல் இல்லை. ரேடியோ மெக்கானிக் ஒருவரே தனக்காகச் செய்துகொண்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்துக்காரர் கார்ல் வெல்லர். அயர்ன் சூடாகும்வரை காத்திருந்து அலுத்துப்போனவர். 1941-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1946-ல் கிடைத்தது. உள்ளே இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரண்டாம் சுற்று ஒரே ஒரு தடித்த செப்புச் சுற்று. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் நுனி வழியாகப் பாய்ந்து, விசையை அழுத்திய சில நொடிகளில் ஈயம் உருகும். எளிமையான, அழகான யோசனை. இருந்தாலும் என் ஓட்டு 25 வாட் பென்சில் அயர்னுக்குத்தான்.

அயர்னுக்கு அடுத்து ஈயம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், சட்டென்று உறையும். நாம் கடையில் வாங்கிய 60/40 அதற்குக் கிட்டத்தட்ட சமம். காரீயம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் புதிய சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியது. காரீயம் இல்லாத கலவைகள் சுமார் 217 டிகிரி கேட்கின்றன. அந்தக் கட்டுப்பாடு சரியான முடிவுதான். பழைய ஈயக்கம்பியைப் பயன்படுத்துகிறவர்கள் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. எங்கள் காலத்தில் அதை யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்குச் சொல்லித்தரப்பட்டது வேறு. "ஈயத்த அயர்ன் நுனில உருக்கிக் கொண்டுபோய் அப்பாத தம்பி. கம்பியச் சூடு பண்ணு, ஈயம் தன்னால ஓடும்" என்பார் கடை அண்ணன். அப்பிய ஈயம் உருண்டையாக, மங்கலாக நிற்கும்; உள்ளே கம்பி ஒட்டியிருக்காது. டிரை சால்டர் என்பது அதுதான். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ, தட்டினால் நின்று, மறுபடி தட்டினால் பாடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

மீட்டருக்கு வருகிறேன். பெட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்தவர் டொனால்ட் மெக்கேடி. தொலைத்தொடர்புச் சுற்றுகளைப் பராமரிக்கப் போகும்போதெல்லாம் ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்தார். அந்த ஏவோ மீட்டர் 1923-ல் விற்பனைக்கு வந்தது. மெக்கேடி தபால் வேலையை விடவில்லை. 1933-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். முதல் மீட்டர் டி.சி. மட்டும்தான் அளந்தது. 1951-ல் வந்த எட்டாம் மாடலின் குடும்பம் 2008 வரை தயாரிப்பில் இருந்தது. ஓர் அளவுகருவிக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் அபூர்வம்.

ஏவோ எட்டை நான் தொட்டது பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில். கறுப்புப் பெட்டி, தோல் வார், இரண்டு பெரிய திருகு குமிழ்கள். தவறான அளவில் வைத்து முள் ஓடி முட்டினால் ஒரு பொத்தான் டக்கென்று வெளியே குதித்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மாணவர்கள் கையில் அந்த மீட்டர்கள் பிழைத்திருந்ததற்கு அந்தப் பொத்தானே காரணம். டி.சி. வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம். 10 வோல்ட் அளவில் வைத்தால் மீட்டர் இரண்டு லட்சம் ஓம் தடை போல நடந்துகொள்ளும். மலிவான மீட்டர்களில் வோல்ட்டுக்கு 1,000 ஓம்தான். அதே அளவில் வெறும் பத்தாயிரம் ஓம். டிரான்சிஸ்டரின் பேஸில் அதை வைத்தால் இருக்கும் வோல்ட்டை மீட்டரே குடித்துவிடும். பழைய சர்வீஸ் தாள்களில் "இந்த அளவுகள் 20,000 ஓம் மீட்டரில் எடுக்கப்பட்டவை" என்று குறிப்பு போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

எங்கள் கடையில் இருந்தது பர்மா பஜாரில் வாங்கிய சான்வா. அதில் அண்ணன் கண்டென்சர் பார்ப்பதை நின்று பார்க்க வேண்டும். முதலில் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடுவார். பிறகு ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுவார். முள் வலப்பக்கம் துள்ளிப்போய் மெதுவாகத் திரும்பி வந்தால் நல்ல கண்டென்சர். துள்ளவே இல்லையென்றால் உள்ளே அறுந்துவிட்டது. துள்ளிப்போய் நடுவழியில் நின்றுவிட்டால் கசிகிறது. "முள்ளு எங்க நிக்குதுன்னு மட்டும் பாக்காத. எப்படிப் போய் நிக்குதுன்னு பாரு." இலக்கத்தில் காட்டும் டிஜிட்டல் மீட்டர் 1970-களின் பிற்பகுதியில் கைக்கடக்கமாகி, பிறகு மலிவாகி, துல்லியத்தில் முள் மீட்டரைப் பின்தள்ளிவிட்டது. நானும் இன்று அதைத்தான் அதிகம் எடுக்கிறேன். ஆனால் முள்ளின் நடையை இலக்கம் காட்டாது.

பழைய மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஓம் அளவில் பெரும்பாலான முள் மீட்டர்களின் கறுப்பு முனையில்தான் உள்ளே உள்ள பேட்டரியின் பிளஸ் வரும். டிஜிட்டலில் சிவப்பில் வரும். டயோடு பார்க்கும்போது இது தெரியாமல் தலைகீழாக முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆஸிலாஸ்கோப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ரேடியோ மேசைகளில் அது இருந்ததில்லை. ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ல் செய்த கேத்தோடு கதிர்க்குழாய் அதன் மூலம். 1947-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் டெக்ட்ரானிக்ஸ் 511 வந்தது. அதே ஆண்டு, விமானங்களை உதிரிகளாக விற்றுத் தொடங்கிய ஹீத் கம்பெனி, போரில் மிஞ்சிய குழாய்களை வைத்து, நாமே கட்டிக்கொள்ளும் ஆஸிலாஸ்கோப்பை 50 டாலருக்கு மிகாமல் விற்றது. இங்கே ஒரு மெக்கானிக் ஆயுள் முழுவதும் அதைத் தொடாமலே ஓய்வு பெறலாம்.

அதற்குப் பதிலாக எங்களிடம் இருந்தது சிக்னல் இன்ஜெக்டர். பெங்களூர் பி.இ.எல். தயாரித்த பி.சி. 148 இரண்டு, நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், ஒரு பேட்டரி செல். பழைய பேனா டார்ச்சுக்குள் அடங்கிவிடும். சுமார் 1 கிலோஹெர்ட்ஸில் சதுர அலை தரும். சதுர அலை என்பதால் அதன் மடங்கு அலைகள் ஐ.எஃப். (இடை அதிர்வெண்) நிலை வரையிலும் அதற்கு மேலும் எட்டும். ஆகவே ஒரே முனையை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஏரியல் பக்கம் வரை ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போகலாம். எந்தக் கட்டத்தில் சத்தம் நிற்கிறதோ அங்கே பழுது. இன்ஜெக்டர்கூட இல்லாதபோது அண்ணன் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூ டிரைவரால் தொடுவார். 'புர்' என்று கேட்டால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் நலம். ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரைத் திருக ஒரு மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி வைத்திருந்தார். இரும்பு நுனி பட்டால் அளவே மாறிவிடும். மூங்கில் எதையும் மாற்றாது. இலங்கை வானொலியை இரைச்சலில்லாமல் எடுத்துத் தருகிற கடை என்று எங்களுக்கு இருந்த பெயர் அந்தக் குச்சியால் கிடைத்தது.

பிரெட் போர்டு பெயருக்கேற்ப சமையலறையிலிருந்துதான் வந்தது. 1920-களின் ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணி அடித்து ரேடியோ கட்டினார்கள். அட்வாட்டர் கென்ட் கம்பெனி அப்படித் திறந்த பலகையில் கட்டிய ரேடியோக்களை விற்கவே செய்தது. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் துளைப் பலகையை ரொனால்ட் போர்ச்சுகல் 1971-ல் வடிவமைத்தார். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். கற்றுக்கொள்ள அருமையான பொருள். ஆனால் அதில் ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் சால்டர் வைத்து முடிக்க வேண்டும்.

கடைசியாக, நாமே செய்துகொள்ளும் கருவி. சீரிஸ் போர்டு. மரப்பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட், ஒரு சுவிட்ச். லைன் வயர் நேராக சாக்கெட்டுக்குப் போகாமல், ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்ப் வழியாகப் போகும். அவ்வளவுதான். ரிப்பேருக்கு வந்த எந்தப் பெட்டியையும் அண்ணன் முதலில் நேர் கரண்டில் போட்டதில்லை.

230 வோல்ட், 100 வாட் பல்ப்பின் இழை முழுச் சூட்டில் 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பெட்டி நன்றாக இருந்தால் கொஞ்சம் கரண்டே ஓடும். பல்ப் ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிடும். பெட்டிக்குப் போதிய வோல்ட் கிடைக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். இழை சூடாகித் தடை ஏறிவிடுவதால் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஃப்யூஸ் போகாது, டிரான்ஸ்ஃபார்மர் புகையாது. பழுதைத் தேடும் நேரம் முழுவதும் பல்ப் எரிந்துகொண்டே காவல் காக்கும். ஃப்யூஸ் சேதம் நடந்த பிறகு அறுகிறது. இது சேதம் நடக்காமல் பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன கருவிகளில் எது இல்லாவிட்டாலும் எப்படியாவது சமாளிக்கலாம். இது இல்லாமல் நான் எந்தப் பெட்டிக்கும் கரண்ட் கொடுக்க மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: சீரிஸ் போர்டில் இருக்கும் பெட்டியும் மெயின்ஸில்தான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ஏ.சி.-டி.சி. வால்வு ரேடியோக்களில் சேஸிஸே லைனில் இருக்கக்கூடும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இந்தக் கருவிக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியதிலிருந்து எல்.இ.டி. பல்ப் வீடுதோறும் வந்துவிட்டது. மின்சாரம் மிச்சமாகிறது, நல்லதுதான். ஆனால் எலெக்ட்ரிக் கடைகளில் குண்டு பல்ப் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். எல்.இ.டி. பல்ப்புக்குள் தனி மின்சுற்று இருக்கிறது. சூடேறித் தடை கூடும் இழை கிடையாது. சீரிஸ் போர்டில் அது எதற்கும் உதவாது. இந்த வேலையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஊரின் பழைய எலெக்ட்ரிக் கடைகளில் 40, 60, 100 வாட் குண்டு பல்ப் கிடைக்கும்போதே ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.