டிபன்: ஒரு கொச்சைச் சொல்லின் பயணம்

தமிழ்நாட்டுத் திரைப்படங்கள், வார இதழ்கள் வழியாகவே 'டிபன்' என்ற சொல்லை நான் அறிந்தேன். எங்கள் ஊரில் தேநீருடன் "கடிக்க என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். டிபன் இந்திய மொழியொன்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இன்றும் அவ்வாறு எண்ணுவோர் பலர். உண்மையோ நேர்மாறானது.

1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் இலண்டனில் ஓர் அகராதியை வெளியிட்டார். கற்றோர் மொழியை விடுத்து, தெருவிலும் மதுக்கடையிலும் வழங்கிய கொச்சைச் சொற்களைத் தொகுத்த நூல் அது. அதில் 'டிஃபிங்' என்றொரு சொல் உண்டு. உணவு வேளையல்லாத வேளையில் உண்பதும் குடிப்பதும் என்பது அதன் பொருள்களில் ஒன்று. (இன்னொரு பொருளை இங்கே எழுத இயலாது.)

இச்சொல்லே கடல் கடந்து டிபன் ஆயிற்று என்பது, ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதியின் முடிவு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், நூல் வெளிவருமுன்னரே 1882இல் காலமானார். சொல்லின் மூலம் அரபு என்றும் சீனம் என்றும் கூறியவர்களும் இருந்தனர். அகராதி இரண்டையும் ஏற்கவில்லை. எச்சொல்லையும் சீன ஓரசைகளாகப் பிரித்துக் காட்டிவிடலாம் என்று கேலியும் செய்கிறது.

இங்கிலாந்தில் நண்பகலை அடுத்து உண்ட பேருணவு, காலப்போக்கில் மாலைக்கும் இரவுக்கும் தள்ளிப்போயிற்று. இடையில் எழுந்த பசிக்கு அங்கே 'லஞ்ச்' வந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் அதையே டிபன் என்றனர். தமிழர் நாவில் பொருள் மறுபடியும் மாறியது. சோறு என்றால் சாப்பாடு. இட்டலி, தோசை, உப்புமா என்றால் டிபன். வேளையைச் சுட்டிய சொல் பண்டத்தைச் சுட்டலாயிற்று. பிறந்த மண்ணிலோ 'டிஃபிங்' வழக்கொழிந்தது. இன்று பிரித்தானியாவில் டிபன் என்று கேட்டால், பிஸ்கற்றை நொறுக்கிச் சொக்லேற்றில் சேர்த்த கேக் துண்டு ஒன்று கிடைக்கும்!

'ஸ்நாக்' என்ற சொல்லின் கதையும் சுவையானது. ஒல்லாந்தர் மொழியோடு உறவுடைய அச்சொல், ஆங்கிலத்தில் முதலில் நாய் வெடுக்கெனக் கடிப்பதையே குறித்தது. சிற்றுணவு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்தது.

இலங்கை ஆங்கிலத்தில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லற் எல்லாம் 'சோட் ஈட்ஸ்'. பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமையின்போது பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன் அவற்றைத்தான் உண்போம். வாங்கிவரும் முதியவர் மட்டும் அப்பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. மேசையருகே வந்து நின்று, "தம்பி, கடிக்க ஏதும் வாங்கி வரட்டோ?" என்பார்.