புள்ளிக்கு முப்பது விநாடி: வேகம், அதிகாரம், மறுமொழி

தந்தியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்றுதான் தந்தி ஊழியரின் உழைப்பை அளந்தார்கள். அரசுக்கும் வணிகத்துக்கும் அந்த வேகம் தேவைப்பட்டது. இதற்கு எதிர்த்திசையில் போன ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி இங்கு பேச விரும்புகிறேன். மோர்ஸின் ஒரே ஒரு புள்ளியை அனுப்ப 3 விநாடி, 30 விநாடி, சில சமயம் 2 நிமிடம்கூட எடுத்துக்கொண்ட அமெச்சூர் வானொலிக்காரர்கள் இவர்கள். வேலை மெனக்கெட்டு ஏன் இப்படிச் செய்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டைட்டானிக் மூழ்கிய 1912-இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. நெடுந்தூரத்துக்கு நீண்ட அலைதான் உதவும் என்று நம்பிய காலம் அது. அந்த அலைகளைக் கடற்படைகளும் கம்பெனிகளும் வைத்துக்கொண்டன. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் புறம்போக்கில், 1923 நவம்பரில், 110 மீட்டரையொட்டி, பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த அமெச்சூர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசிவிட்டார்கள். அப்புறமென்ன, பெரியவர்கள் அங்கேயும் பட்டா கேட்டு வந்தார்கள்.

நீண்ட அலையில் ஒரு துண்டு, 136 கிலோஹெர்ட்ஸையொட்டி, 1997-இன் ஐரோப்பியப் பரிந்துரைக்குப் பிறகு அமெச்சூர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 2007-இல் ஜெனீவா மாநாடு அதை உலக அளவில் ஒதுக்கியது. வெளிவீசும் சக்தி 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அந்த அலையின் நீளம் 2200 மீட்டர். கால் அலை ஆண்டெனா வைக்கவே 550 மீட்டர் உயரம் வேண்டும். கொல்லைப்புறத்தில் 15 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டியவர் சில நூறு வாட் ஊட்டினாலும் காற்றில் ஏறுவது சொற்பம். சுவீடனின் கிரிமெட்டனில் 1924-இல் இயங்கத் தொடங்கிய நீண்ட அலை நிலையத்துக்கோ 200 கிலோவாட் எந்திரம், 127 மீட்டர் உயரத்தில் ஆறு கோபுரங்கள்.

சக்தி இல்லாதவர்களிடம் இருந்தது நேரம். ஒரு புள்ளியை நீட்ட நீட்ட, அதைக் கேட்பதற்குத் தேவையான பட்டை அகலம் குறைகிறது. குறுகிய வாசலைத் திறந்தால் உள்ளே வரும் இரைச்சலும் குறைவு. நிமிடத்துக்கு 12 சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளிக்கு 0.1 விநாடி. அதையே 30 விநாடியாக்கினால், சக்தியை 300 மடங்கு கூட்டியதற்கு ஏறத்தாழச் சமம். மெதுவாக அனுப்பு என்பதற்கான பழைய தந்திக் குறி 'கியூ.ஆர்.எஸ்.' அதோடு இன்னொரு 'எஸ்' சேர்த்து இதற்கு 'கியூ.ஆர்.எஸ்.எஸ்.' என்று பெயர் வைத்தார்கள். புள்ளியையும் கோட்டையும் ஒரே நீளத்தில், சற்றே வேறுபட்ட இரு அதிர்வெண்களில் அனுப்பி நேரத்தை மிச்சப்படுத்தும் முறையும் வந்தது. இதையெல்லாம் காதால் பிடிக்க முடியாது. கணினித் திரையில் ஊர்ந்து வரும் வரைபடத்தில் கண்ணால் படிக்க வேண்டும். பேச்சு இங்கே எழுத்தாகிவிடுகிறது. 2001-இல் இங்கிலாந்தும் கனடாவும் இப்படித்தான், பல இரவுகள் செலவிட்டு, இருவழித் தொடர்பை முடித்தன.

சரி, என்ன பெரிய செய்தி? ஒன்றுமில்லை. இருவரின் அழைப்புக்குறிகள். முழுதும் படித்துவிட்டேன் என்பதற்கு 'ஓ' என்கிற ஓரெழுத்து. புள்ளிக்கு 30 விநாடி என்றால் அதற்கே ஐந்தரை நிமிடம். இருக்கிறேன், உன்னைப் படித்தேன், அவ்வளவுதான்.

இதை வைத்து மெதுவே எதிர்ப்பு என்று ஒரு சொல்லாடலைக் கட்டிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிகாரத்துக்கும் மெதுவாகப் பேசத் தெரியும். ஆழத்திலிருக்கும் அணு ஆயுத நீர்மூழ்கிகளுக்காக அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் 2004 வரை 76 ஹெர்ட்ஸில் ஒரு நிலையம் நடத்தியது. மூன்றெழுத்துக் குறி ஒன்றை அனுப்பச் சுமார் 15 நிமிடம். அதன் கம்பங்களை அறுத்துச் சாய்த்துச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. நம் நெல்லைச் சீமையில், விஜயநாராயணத்திலும், நீர்மூழ்கிகளுக்கான தாழ் அதிர்வெண் நிலையம் 1990-இல் வந்தது. கும்பினியை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய கட்டபொம்மனின் பெயரை அரசு அதற்குச் சூட்டியிருக்கிறது.

இரண்டு மெதுவுக்கும் பௌதிகம் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அலையில் நீர்மூழ்கிக்குள் இருப்பவன் கேட்கலாம், திருப்பிச் சொல்ல முடியாது. கொல்லைப்புறக்காரரின் 'ஓ' வந்து சேராவிட்டால் தொடர்பு முடிந்ததாகவே கணக்கில்லை. அமெச்சூர்களிடமும் இது நழுவக்கூடியது. 2008-இல் வந்த 'விஸ்பர்' முறையில் கணினியே அனுப்பி, கணினியே படித்துவிடுகிறது. ஆள் தூங்கப் போகலாம்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் நம் சிறுமையையும் தாமதத்தையும் தகுதியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். முன்னூறு பிரதி, ஆறு மாதத்துக்கு ஒரு இதழ். இருக்கட்டும். வாசகர் எழுதிய மறுப்புக்கு அதில் எத்தனை பக்கம் ஒதுக்கினோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.